டயரும் காற்றும் போடும் எல்லை: சூப்பர்கார்களைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கம்

ஒரு புதிய சூப்பர்கார் அறிமுகமாகும்போது முதலில் காதில் விழுவது அதன் குதிரைத்திறன்தான். 600 என்றாலே வாய்பிளந்த காலம் போய், 1,000-ஐத் தாண்டிய எண்களைக் கேட்டாலும் யாரும் புருவம் உயர்த்தாத நிலைக்கு வந்துவிட்டோம். இந்தத் துறையைப் புதிதாக நோட்டமிடும் ஒருவர், அதிகக் குதிரைத்திறன் உள்ள காரே சிறந்த கார் என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் செலவுக்கு அஞ்சாத ஒரு நிறுவனத்துக்கு, பெரிய இன்ஜின் ஒன்றைச் செய்து முடிப்பது இந்த வேலையின் எளிதான பகுதி. அந்தத் திறனைச் சாலைக்குக் கடத்துவது, எதிரே வரும் காற்றைச் சமாளிப்பது, பிறக்கும் வெப்பத்தை வெளியேற்றுவது, பறக்கும் காரை நம்பகமாக நிறுத்துவது ஆகியவற்றில்தான் பொறியாளர்களின் ஆண்டுகள் கரைகின்றன. ஆகவே இந்தக் கட்டுரையில் இன்ஜினைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, காரும் சாலையும் தொட்டுக்கொள்ளும் இடத்திலிருந்து தொடங்கலாம்.

சாலையைத் தொடும் பரப்பு

1,600 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் டயர்களில் 2.2 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைக்கப்பட்டிருக்கிறது. எடையை அழுத்தத்தால் வகுத்தால், நான்கு டயர்களும் சேர்ந்து சாலையைத் தொடும் பரப்பு தோராயமாக 710 சதுர சென்டிமீட்டர் என்று கிடைக்கும். அது ஒரு ஏ4 தாளைவிடச் சற்றே பெரிய இடம். வேகமெடுப்பது, வளைவது, நிற்பது என ஒரு கார் செய்யும் எந்தக் காரியமும் அந்தச் சிறு பரப்பின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும்.

நல்ல தார்ச்சாலையில் ஒரு நல்ல டயரின் உராய்வுக் குணகம், அதாவது அதன் பிடிப்பு விசைக்கும் அதை மேலிருந்து அழுத்தும் எடைக்கும் உள்ள விகிதம், ஏறக்குறைய 1 என்று கொள்ளலாம். அப்படியானால், நான்கு சக்கரங்களும் முழுமையாக உந்தினாலும் அந்தக் கார் அடையக்கூடிய அதிகபட்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகவே இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 27.8 மீட்டர், அதை 9.81-ஆல் வகுத்தால் 2.83 நொடி வருகிறது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை இதற்கும் குறைவான நேரத்தில் எட்ட வேண்டுமானால் இன்ஜினைப் பெரிதாக்கிப் பயனில்லை. டயரின் ரப்பர் இன்னும் இறுக்கமாகச் சாலையைப் பற்ற வேண்டும். இன்றைய சூப்பர்கார்கள் பல 2.5 நொடிக்குள் 100-ஐத் தொடுவதற்கு, பந்தய டயருக்கு நெருக்கமான மென்மையான ரப்பரும், உந்துதலை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் அமைப்பும், சக்கரம் வழுக்கத் தொடங்கும் கணத்திலேயே திறனைக் குறைக்கும் கணினியும் சேர்ந்தே காரணம். 800 குதிரைத்திறன் கொண்ட பின்சக்கர இயக்கக் கார் ஒன்றில் முதல் இரண்டு கியர்களில் முழுத் திறனையும் டயர் தாங்காது என்பதால், அங்கே கணினி பெரும்பாலும் இன்ஜினை அடக்கி வைத்திருக்கும் வேலையையே செய்துகொண்டிருக்கிறது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்ஜின் ஏன் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிறது என்பதும் விளங்கிவிடும். இன்றைய சூப்பர்காரின் வடிவத்தைத் தீர்மானித்தது என்று பெரும்பாலோர் சுட்டுவது, 1966-ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் வெளிவந்த லம்போர்கினி மியூராவை. பந்தயக் கார்களில் பழக்கமாகிவிட்டிருந்த ஓர் ஏற்பாட்டை அது ஆடம்பரச் சாலைக் காருக்குக் கொண்டுவந்தது: 12 சிலிண்டர் இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால், அதுவும் குறுக்குவாட்டில் வைத்தது. கார் வேகமெடுக்கும்போது எடை பின்னோக்கிச் சாய்கிறது. ஏற்கெனவே இன்ஜினின் கனம் பின்சக்கரங்களின் மேல் இருப்பதால், உந்தும் சக்கரங்களுக்குக் கூடுதல் பிடிப்பு கிடைக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிப் பாய்ந்து, முன்பின் பங்கீடு கிட்டத்தட்டச் சமமாகி, நான்கு டயர்களும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. இன்னொரு நன்மை, கனமான பொருள் காரின் நடுவில் இருப்பதால் கார் திசை திரும்புவதற்குக் காட்டும் தயக்கம் குறைந்து, ஸ்டீயரிங்கை அசைத்த உடனே மூக்குத் திரும்புவது. அதே காரணத்தால், பிடிப்பு விட்டுப்போனால் சுழல்வதும் சட்டென்று நடந்துவிடும். பழைய நடு இன்ஜின் கார்கள் அனுபவமற்ற ஓட்டுநர்களை அச்சுறுத்தியதற்கு இதுவே காரணம். இன்றைய கார்களில் அந்தக் குணம் மறையவில்லை, மின்னணுக் கட்டுப்பாடு அதைத் திரைபோட்டு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 1953 முதல் முன்பக்க இன்ஜினோடு வந்துகொண்டிருந்த செவ்ரோலெட் கார்வெட்கூட, எட்டாம் தலைமுறையில், 2019-ஆம் ஆண்டு நடு இன்ஜினுக்கு மாறிவிட்டது.

காற்று கேட்கும் விலை

தொடக்க வேகத்துக்கு டயர் எல்லை என்றால், உச்ச வேகத்துக்குக் காற்று எல்லை. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. அந்த எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் கனத்துக்கு, அதாவது மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும் என்பது இதன் பொருள். பாடப்புத்தகச் சூத்திரமாகத் தோன்றும் இந்த விதியை, ஒரே நிறுவனத்தின் கார்களை வரிசையாக வைத்தே சரிபார்க்க முடிகிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம்.

2005-இல் வெளிவந்த புகாட்டி வேரான், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் நான்கு டர்போக்கள் பூட்டிய 8 லிட்டர் டபிள்யூ16 (16 சிலிண்டர்) இன்ஜினோடு 1,001 குதிரைத்திறனைத் தந்து, மணிக்கு 407 கிலோமீட்டரை எட்டியது. 2010-இல் வந்த அதன் சூப்பர் ஸ்போர்ட் வடிவம் 1,200 குதிரைத்திறனில் 431 கிலோமீட்டரை எட்டியது. 431-ஐ 407-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் 1.19 வருகிறது, 1,200-ஐ 1,001-ஆல் வகுத்தாலும் 1.2 வருகிறது. ஆக, கூடுதலாகச் சேர்த்த 200 குதிரைத்திறன், ஒரு சாதாரணக் குடும்பக் காரின் முழு இன்ஜினைவிட அதிகமான அந்தத் திறன், மணிக்கு 24 கிலோமீட்டரை மட்டுமே வாங்கித் தந்திருக்கிறது.

அடுத்த படியில் கணக்கு இன்னும் சுவையாகிறது. 2019 ஆகஸ்டில், ஜெர்மனியின் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில், 1,600 குதிரைத்திறன் கொண்ட புகாட்டி ஷிரான் கார் ஒன்று மணிக்கு 490.48 கிலோமீட்டரைத் தொட்டது. வேரானின் உடலமைப்பே தொடர்ந்திருந்தால் இந்த வேகத்துக்கு ஏறக்குறைய 1,750 குதிரைத்திறன் தேவைப்பட்டிருக்கும். குறைந்துபோன 150 குதிரைத்திறனைப் பெரும்பாலும் ஈடுசெய்தது காரின் வால். அந்தக் காரின் பின்பகுதி சுமார் 25 சென்டிமீட்டர் நீட்டப்பட்டிருந்தது. ஓடும் காருக்குப் பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தப் பகுதி காரைப் பின்னோக்கி இழுக்கும். காற்று உடலை ஒட்டியே சற்று அதிக தூரம் வழிந்து பிறகு விலகினால், அந்தப் பகுதி சிறுத்துவிடும்.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. 1998-இல் இதே ஏரா-லெசியன் தடத்தில், ஷிரானை ஓட்டிய அதே ஆண்டி வாலஸ் என்ற ஓட்டுநர், மெக்லாரன் எஃப்1 காரை மணிக்கு 386.4 கிலோமீட்டருக்கு ஓட்டியிருந்தார். அந்தக் காரில் டர்போ இல்லை. பிஎம்டபிள்யூ தயாரித்த 6.1 லிட்டர் வி12 இன்ஜினின் திறன் சுமார் 627 குதிரைத்திறன். இதிலிருந்து 407-க்குப் போக, மும்மடி விதிப்படி ஏறக்குறைய 730 போதும். வேரானுக்கு 1,001 தேவைப்பட்டது ஏன்? வேரான் அகலமான கார், அதன் டயர்களும் அகலமானவை, டயர் உருளும்போது எழும் எதிர்ப்பைக் கூட்டும் எடையும் 1,900 கிலோவுக்கு அருகில். அதோடு இன்ஜினைக் குளிர்விக்கவே அது நிறையக் காற்றை உள்ளே இழுத்தாக வேண்டும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவே சக்கரத்துக்கு உழைப்பாக வருகிறது, மீதி வெப்பம். 1,001 குதிரைத்திறன் வெளியே வரும்போது அதைப்போல இருமடங்கு திறனுக்கு இணையான வெப்பம் புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர்கள் வழியாகவும் வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால்தான் வேரானில் 10 ரேடியேட்டர்கள் வைத்தார்கள். உடலில் திறந்துவிடும் ஒவ்வொரு காற்றுத்துளையும் எதிர்ப்பைக் கூட்டும். கூடிய எதிர்ப்பை வெல்ல இன்னும் திறன் வேண்டும். அந்தத் திறன் இன்னும் வெப்பத்தைத் தரும். இந்தச் சுழலிலிருந்து ஒரு காரை மீட்டெடுப்பது எளிதான வேலையல்ல. வேரானின் முழு வேகத்தை எட்ட, காரை நிறுத்தி, இருக்கைக்கு அருகில் உள்ள துளையில் இரண்டாவது சாவி ஒன்றைச் செருக வேண்டும். அப்போது கார் தரையை நோக்கித் தாழ்ந்து, பின் இறக்கையும் பெருமளவு மடங்கிக்கொள்ளும். அந்த வேகத்தில் 100 லிட்டர் பெட்ரோல் தொட்டி சுமார் 12 நிமிடத்தில் காலியாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கடைசி வார்த்தை டயருடையதே. மணிக்கு 490 கிலோமீட்டரில் ஷிரானின் பின் டயர் விளிம்பில் இருக்கும் ரப்பர், புவியீர்ப்பைப்போல 5,000 மடங்குக்கும் மேற்பட்ட விசையால் வெளியே இழுக்கப்படுகிறது. ஒரு கிராம் ரப்பர் 5 கிலோவுக்கு மேல் கனப்பதுபோல நடந்துகொள்ளும். அந்த ஓட்டத்துக்கான டயர்களை மிஷலின் வலுப்படுத்திச் செய்ததோடு, பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. வாடிக்கையாளர்களுக்கு விற்ற அதே ஷிரான் வடிவத்தின் வேகம் 440-இல் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது.

காற்றை எதிரியாக அல்லாமல் துணையாகவும் பயன்படுத்தலாம். விமானத்தின் இறக்கையைத் தலைகீழாக வைத்தால் அது மேலே தூக்காமல் கீழே அழுத்தும். இப்படிக் கிடைக்கும் கீழ்நோக்கு அழுத்தம், காரின் எடையைக் கூட்டாமலே டயரைச் சாலையில் பதிக்கிறது. போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் காரின் 2022-இல் வந்த தலைமுறை, மணிக்கு 200 கிலோமீட்டரில் 409 கிலோவும், 285 கிலோமீட்டரில் 860 கிலோவும் கீழ்நோக்கு அழுத்தம் தருகிறது. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, அழுத்தமோ இருமடங்கைத் தாண்டிவிட்டது. இங்கும் வர்க்க விதிதான். (இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் 911-ஐச் சூப்பர்கார் என்று ஏற்கலாமா என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. வளைவில் அதைத் துரத்திப் பார்த்தவர்கள் அந்தச் சண்டையில் சேர்வதில்லை.)

ஆனால் இந்த அழுத்தம் இலவசமாகக் கிடைப்பதில்லை. 2021-இல் வந்த, 510 குதிரைத்திறன் கொண்ட சாதாரண ஜிடி3 மணிக்கு 318 கிலோமீட்டர் போகும். அதைவிட 15 குதிரைத்திறன் அதிகம் கொண்ட ஜிடி3 ஆர்எஸ்ஸோ 296-உடன் நின்றுவிடும். பெரிய இறக்கையும், அதற்கேற்பக் குறுக்கப்பட்ட கியர் விகிதமும் உச்ச வேகத்தைத் தின்றுவிடுகின்றன. இருந்தும் பந்தயத் தடத்தில் ஆர்எஸ்தான் வெகு வேகமானது. உச்ச வேகத்துக்கான காரும் வளைவுக்கான காரும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை. நேர்ப்பாதையில் தட்டையாகப் படுத்து, பிரேக் பிடிக்கும்போது செங்குத்தாக எழும் அசையும் இறக்கைகள் இன்று பரவலாகியிருப்பது, இந்த இரண்டு கார்களையும் ஒன்றுக்குள் அடைக்கும் முயற்சியே. ஃபார்முலா ஒன் கார்களின் வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூயியின் வடிவமைப்பில் உருவான ஆஸ்டன் மார்ட்டின் வல்கைரி வேறொரு வழியில் போனது: காரின் அடித்தளத்தில் இரண்டு பெரிய சுரங்கங்கள் போன்ற வழிகளை அமைத்து, அவற்றில் காற்றை விரைவாக ஓடவிட்டு, அங்கே அழுத்தத்தைக் குறைத்துக் காரையே தரையோடு உறிஞ்ச வைக்கிறது. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மரேயின் டி.50 கார் அதே நோக்கத்துக்குக் காரின் பின்புறத்தில் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு விசிறியையே வைத்திருக்கிறது.

கார்பன் இழைத் தொட்டி

எடையைக் குறைத்தால் டயரின் சுமை குறைகிறது, முடுக்கம் கூடுகிறது, பிரேக்குக்கு வேலை குறைகிறது. அதனால் சூப்பர்கார்களில் ஓட்டுநரும் பயணியும் அமரும் பகுதி, கார்பன் இழைத் துணியைப் பிசினில் தோய்த்து வார்த்தெடுத்த ஒற்றைத் தொட்டியாகச் செய்யப்படுகிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு இதை 1981-இல் கொண்டுவந்தது மெக்லாரன். 1992-இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 மூலம், இதைச் சாலைக் காருக்குக் கொண்டுவந்த முன்னோடிகளிலும் அதே நிறுவனம் ஒன்று. அந்தக் காலத்தில் ஒரு தொட்டியைக் கையால் அடுக்கிச் செய்ய ஏறக்குறைய 3,000 மணி நேரம் பிடித்தது. 2011-இல் வந்த மெக்லாரன் 12சி காரின் 75 கிலோ எடையுள்ள தொட்டியோ, உலர்ந்த கார்பன் துணியை அச்சில் வைத்து அழுத்தத்தில் பிசினைச் செலுத்தும் முறையால், ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் உருவானது. சூப்பர்கார் வரலாற்றில் இதற்குக் கிடைக்க வேண்டிய புகழ் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்; எந்த இன்ஜினையும்விட இந்தத் தயாரிப்பு முறைதான் பந்தயத் தொழில்நுட்பத்தை வழக்கமான உற்பத்திக்குள் கொண்டுவந்தது.

தொட்டி இலேசாக இருப்பது பாதிப் பயன்தான். அது முறுக்கத்துக்கு வளைந்துகொடுக்காமல் விறைப்பாக இருப்பது மறு பாதி. உடல் முறுகினால் சக்கரங்களின் கோணம் மாறி, சஸ்பென்ஷனுக்குப் பொறியாளர் குறித்த அளவுகள் பொருளற்றுப் போய்விடும்.

இன்ஜின், மின்மோட்டார், இரண்டும்

இனி இன்ஜினுக்கு வருவோம். ஒரே அளவுள்ள இன்ஜினிலிருந்து அதிகத் திறன் பெற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் அதிகக் காற்றைத் திணிப்பது. மற்றொன்று, நிமிடத்துக்கு அதிக முறை சுழல வைப்பது. முதல் வழியில் வெளியேறும் புகை ஒரு சிறு விசையாழியைச் சுழற்ற, அதோடு இணைந்த இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது, இதுவே டர்போ. 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40, 3 லிட்டருக்கும் குறைவான வி8 இன்ஜினிலிருந்து 478 குதிரைத்திறனைப் பெற்றது இரண்டு டர்போக்களால்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்த பின் டர்போ சுழன்று வேகம் பிடிக்கும்வரை ஒரு காத்திருப்பு உண்டு. எஃப்40-இல் அந்தக் காத்திருப்பும், அதைத் தொடர்ந்து முதுகில் விழும் அடியும் அந்தக் காரின் குணமாகவே பெயர் பெற்றுவிட்டன.

இரண்டாவது வழிக்கு இன்றைய உச்சம் டி.50. காஸ்வொர்த் செய்த அதன் ஏறக்குறைய 4 லிட்டர் வி12 இன்ஜின் நிமிடத்துக்கு 12,100 சுழற்சிகள் வரை போகும். நான்கு வீச்சு இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரியும். ஆகவே அந்த வேகத்தில் 12 சிலிண்டர்களும் சேர்ந்து நொடிக்கு 1,210 முறை எரிகின்றன. உயர்ந்த ஸ்தாயியில் அலறும் அந்த ஓசைக்குக் காரணம் இந்த எண்ணே. டர்போ வைத்த இன்ஜினில் விசையாழி புகையின் துடிப்பை மட்டுப்படுத்திவிடுவதால் அந்த ஓசை கிடைப்பதில்லை. என் காதுக்கு அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

2013-ஐ ஒட்டி மூன்று கார்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து, மின்மோட்டாரை இந்தக் கதைக்குள் இழுத்துவந்தன: மெக்லாரன் பி1, போர்ஷே 918 ஸ்பைடர், ஃபெராரி லாஃபெராரி. மின்மோட்டாரைச் சூழல் அக்கறைக்கான ஒட்டுவேலை என்று அன்று பலர் கருதினார்கள். உண்மையில் அது இன்ஜினின் பலவீனங்களைக் குறிவைத்து நிரப்பியது. பி1 காரில் டர்போ வேகம் பிடிக்கும் அந்தச் சிறு இடைவெளியை மின்மோட்டாரின் உடனடி முறுக்குவிசை நிரப்பியது. 918 காரில் முன் அச்சை ஒரு மின்மோட்டார் தனியாக இயக்கியதால், இன்ஜினிலிருந்து முன்னே நீளும் தண்டு எதுவும் இல்லாமலே நான்கு சக்கர இயக்கம் கிடைத்தது.

2019-இல் வந்த ஃபெராரி எஸ்எஃப்90 ஸ்ட்ரடாலே இந்தத் திசையில் மேலும் ஓர் அடி வைத்தது. அதில் முன் அச்சில் இரண்டு மோட்டார்கள், இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையில் ஒன்று என மூன்று மோட்டார்கள். 780 குதிரைத்திறன் வி8-உடன் சேர்ந்து மொத்தம் 1,000. முன்சக்கரங்கள் இரண்டையும் வெவ்வேறு விசையில் இயக்க முடிவதால், வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் விசை தந்து காரை உள்ளே திருப்ப முடிகிறது. இதில் நான் ரசிக்கும் ஒரு சிறு விவரம்: அந்தக் காரின் எட்டு வேகக் கியர்பெட்டியில் ரிவர்ஸ் கியரே கிடையாது. முன் மோட்டார்களைத் திருப்பிச் சுழற்றினால் கார் பின்னால் போய்விடும் என்பதால், அந்தக் கியரையும் அதன் எடையையும் எடுத்துவிட்டார்கள்.

கியர்பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இன்று பெரும்பாலான சூப்பர்கார்களில் இருப்பது இரட்டைக் கிளட்ச் அமைப்பு. ஒற்றை எண் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டை எண் கியர்களுக்கு மற்றொன்று. மூன்றாவது கியரில் ஓடும்போதே நான்காவது தயாராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு கிளட்ச் விட மற்றொன்று பிடிக்க, உந்துதல் அறுபடாமல் கியர் மாறிவிடும்.

முழு மின்சாரக் கார்களுக்கு வந்தால், குரோஷியாவின் ரிமாக் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட நெவேரா, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார்களும் 1,914 குதிரைத்திறனும் கொண்டது. அது 100 கிலோமீட்டர் வேகத்தை இரண்டு நொடிக்குள் எட்டிவிடும். டயரின் எல்லையை ஆயிரத்தில் ஒரு நொடி அளவில் அளந்து அளந்து ஒட்டியே ஓடுவது மின்மோட்டாருக்குக் கைவந்த கலை. சிக்கல் பேட்டரியில் இருக்கிறது. அதன் 120 கிலோவாட் மணி பேட்டரியில் உள்ள ஆற்றல், ஏறக்குறைய 13 லிட்டர் பெட்ரோலில் உள்ளதற்குச் சமம். மின்மோட்டார் வீணாக்குவது குறைவு என்பதால் நடைமுறையில் அது மூன்று மடங்கு பெட்ரோலுக்கு ஈடாகும் என்றாலும், பல நூறு கிலோ பேட்டரியைச் சுமந்து கார் 2,000 கிலோவைத் தாண்டிவிடுகிறது. நேர்க்கோட்டில் இது பெரிதாகத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் தெரியும். வேரானை உருவாக்கிய புகாட்டி, இன்று ரிமாக்கோடு ஒரே குடும்பமாகிவிட்ட பிறகும், 2024-இல் அறிவித்த டூர்பியானுக்கு முழு மின்சாரத்தைத் தேர்ந்தெடுக்காமல், டர்போ இல்லாத 8.3 லிட்டர் வி16 இன்ஜினையும் மூன்று மின்மோட்டார்களையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தது.

நிறுத்துவது

1,500 கிலோ கார் ஒன்று மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் 5.2 மெகாஜூல், 100 கிலோமீட்டரில் இருப்பதைப்போல ஒன்பது மடங்கு. அதை ஏழு நொடியில் நிறுத்தினால், காற்றும் பிரேக்கும் சேர்ந்து சராசரியாக 740 கிலோவாட் அளவில் ஆற்றலை விழுங்க வேண்டும். அது சுமார் 1,000 குதிரைத்திறன். பெரும்பாலான சூப்பர்கார்களில் இன்ஜினைவிட நிறுத்தும் வேலையே பெரிது என்று இதிலிருந்து தெரிகிறது, ஆனால் எந்த விளம்பரமும் பிரேக்கின் குதிரைத்திறனைச் சொல்வதில்லை.

இரும்புத் தட்டு இந்த வெப்பத்தை ஓரிரு முறை தாங்கும். பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று இதையே கேட்டால் சோர்ந்துவிடும். 2001-இல் போர்ஷே 911 ஜிடி2 காரில் இடம்பெற்ற கார்பன் செராமிக் தட்டுகள், சிலிக்கான் கார்பைடில் கார்பன் இழைகள் பதிந்தவை. இரும்பின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். மிகுந்த வெப்பத்திலும் வடிவம் மாறாது. சஸ்பென்ஷன் சுருளுக்குக் கீழே தொங்கும் எடை குறைவதால், மேடுபள்ளத்தில் டயர் சாலையை விட்டு எழும்புவதும் குறைகிறது.

விவரத்தாளைப் படிக்கும்போது

இவ்வளவும் தெரிந்தபின், நிறுவனங்கள் வெளியிடும் எண்களைச் சற்று ஐயத்தோடு படிக்கலாம். உச்ச வேகத்தை ஒரு திசையில் மட்டும் ஓடி அளந்தார்களா, இரு திசைகளிலும் ஓடிச் சராசரி எடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். ஷிரானின் 490 ஒரு திசை ஓட்டம். 2017-இல் அமெரிக்காவின் நெவாடாவில், மூடப்பட்ட நெடுஞ்சாலையில் கோனிக்செக் அகேரா ஆர்எஸ் கார் பதிவுசெய்த 447.19 இரு திசைச் சராசரி. காற்றும் சரிவும் ஒரு பக்கம் உதவக்கூடும் என்பதால் இரண்டையும் ஒரே பட்டியலில் வைப்பது நியாயமல்ல. முடுக்க நேரத்தில் அமெரிக்க வழக்கம் ஒன்று உண்டு: முதல் ஓர் அடி தூரத்தைக் கழித்துவிட்டுத்தான் கடிகாரத்தைத் தொடங்குவார்கள். அந்த ஓர் அடியில் 0.2 நொடிக்கும் மேல் காணாமல் போகும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் எடுத்த சுற்று நேரத்தைப் படிக்கும்போது, அன்று பூட்டியிருந்த டயர் எது என்ற வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுற்றில் டயர் மாற்றம் மட்டுமே பல நொடிகளைக் கொண்டுவந்துவிடும்.

எடைதான் மிகவும் ஏமாற்றும் எண். எரிபொருள், எண்ணெய், குளிர்நீர் எதுவும் ஊற்றாத உலர் எடையைச் சில நிறுவனங்கள் பெரிதாக அச்சிடும். ஓடத் தயாரான எடை அதைவிட 100 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடும். ஓடத் தயாரான எடையைக் கண்டுபிடித்து, டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தால் வரிசை மாறிப்போகும். வேரானுக்கு அது டன்னுக்குச் சுமார் 530. 663 குதிரைத்திறனும் 1,000 கிலோவுக்குள் அடங்கிய எடையும் கொண்ட டி.50-க்கு 660-க்கும் மேல். வேரானின் திறனில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே கொண்ட கார், 407 கிலோமீட்டர் வேகத்தை அணுக முடியாது. ஏனெனில் அங்கே எதிரி காற்று, காற்றுக்கு எடை ஒரு பொருட்டல்ல. வளைவுகள் நிறைந்த தடத்தில் அதே எடை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நிற்கும்போதும் டயரிடம் கணக்குக் கேட்கும். அங்கே வேரானை டி.50 கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு விட்டுச்செல்லும் என்றே நான் பந்தயம் கட்டுவேன்.